கிரிப்டோவில் காயினுக்கு முன் ஜோடியைப் பாருங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்தக் காயினை வாங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை எந்த ஜோடியில், அதாவது எந்த நாணயத்தைக் கொடுத்து, வாங்குவது என்று சொல்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு எக்ஸ்சேஞ்சை (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) திறந்து ஈத்தர் (எத்தீரியம் நெட்வொர்க்கின் காயின்) என்று தேடினால் ஈத்தர்/டெதர், ஈத்தர்/யூஎஸ்டிசி, ஈத்தர்/பிட்காயின், ஈத்தர்/யூரோ என்று வரிசையாக வந்து நிற்கும். எதில் வாங்கினாலும் கிடைப்பது அதே ஈத்தர்தானே என்று தோன்றும். கிடைப்பது அதேதான். ஆனால் அதற்காகும் செலவும், கூடவே வரும் ஆபத்தும், விற்ற பிறகு கையில் மிஞ்சுவதும் ஜோடிக்கு ஜோடி மாறும்.

இதை ஒரே இடத்தில் விளக்கும் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய வர்த்தகக் கணக்குகளை வரி வரியாகப் பிரித்துப் பார்த்து, பணம் எங்கே கரைந்தது என்று தேடித்தான் புரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நான் இப்போது பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். எந்தக் காயின் ஏறும் என்பதற்கு இதில் பதில் இல்லை. இழந்தால் வீடு தடுமாறும் என்ற பணத்தை எந்த ஜோடியிலும் போடாதீர்கள்.

1. ஜோடியைப் படிக்கும் முறை

சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது நீங்கள் வாங்கும் அல்லது விற்கும் பொருள். பின்னால் இருப்பது அதற்கு விலை சொல்லும் நாணயம். ஈத்தர்/பிட்காயின் 0.035 என்றால் ஒரு ஈத்தரின் விலை 0.035 பிட்காயின். இந்த ஜோடியில் 'வாங்கு' என்று அழுத்தினால் பிட்காயின் போகும், ஈத்தர் வரும். 'விற்பனை' என்றால் நேர்மாறு.

கட்டணம் எதில் கழிக்கப்படுகிறது என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பல எக்ஸ்சேஞ்சுகளில் உங்களுக்கு வந்து சேரும் நாணயத்திலிருந்தே கட்டணம் கழியும். 0.1 சதவீதக் கட்டணத்தில் 100 காயின் வாங்கினால் கணக்கில் 99.9 தான் ஏறும். பிறகு 100 காயினையும் விற்க ஆர்டர் போட்டால் 'இருப்பு போதாது' என்று வரும். அது பழுதல்ல.

2. முதலில் பின்பாதியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரும் முன்பாதியில் இருந்து தொடங்குகிறார்கள். நான் பின்பாதியில் இருந்து தொடங்கச் சொல்வேன். வர்த்தகம் முடிந்ததும் உங்கள் கையில் இருக்கப்போவது பின்பாதிதான். லாபமா நஷ்டமா என்பதும் அதில்தான் கணக்காகும்.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஈத்தர் சுமார் 2,300 டாலர், ஆண்டு முடிவில் சுமார் 3,300 டாலர். டாலரில் பார்த்தால் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஏற்றம். அதே ஆண்டில் பிட்காயின் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. அதனால் ஈத்தர்/பிட்காயின் ஜோடி 0.053 அருகிலிருந்து 0.036 அருகே இறங்கிவிட்டது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிவு. ஈத்தர் ஏறும் என்று சரியாகவே கணித்த ஒருவர், அதை பிட்காயின் ஜோடியில் வாங்கியிருந்தால் பிட்காயின் கணக்கில் நஷ்டத்தோடு நின்றிருப்பார்.

எனவே உங்கள் கணக்கு எதில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டுச் செலவு, சேமிப்பு, கடன் எல்லாம் உங்கள் நாட்டு நாணயத்தில் இருந்தால், லாபத்தையும் அதிலோ அதற்கு நெருங்கிய ஒன்றிலோ பார்ப்பதுதான் பொருந்தும். பிட்காயினைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் குறிக்கோள் என்று தெளிவாக இருப்பவர்களுக்கு மட்டுமே பிட்காயின் ஜோடி. புதிதாக வருபவர்கள் அந்தப் பக்கம் உடனே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அங்கே ஒரே நேரத்தில் இரண்டு விலைகளைக் கணிக்க வேண்டியிருக்கும்.

மிச்சமிருப்பது இரண்டு: டாலர், யூரோ போன்ற அரசு நாணய ஜோடி, ஸ்டேபிள்காயின் ஜோடி. ஸ்டேபிள்காயின் என்பது ஒரு அரசு நாணயத்தின், பெரும்பாலும் டாலரின், மதிப்பிலேயே நிற்க முயலும் காயின்; டெதர், யூஎஸ்டிசி இந்த வகை. அரசு நாணய ஜோடியில் பணம் வங்கிக்குத் திரும்புவது எளிது. ஆனால் டாலர், யூரோ போன்ற சிலவற்றைத் தவிர மற்ற நாணயங்களில் வாங்குபவரும் விற்பவரும் குறைவாக இருப்பார்கள். ஸ்டேபிள்காயின் ஜோடியில், அதிலும் டெதரில், கூட்டம் அதிகம், ஜோடிகளும் அதிகம். அதனாலேயே பலரும் அங்கே போகிறார்கள்.

ஸ்டேபிள்காயின் என்பது டாலர் இல்லை. 2022 மே மாதம் டெர்ரா யூஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயின் தன் ஒரு டாலர் மதிப்பை இழந்து முற்றாகச் சரிந்தது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது, யூஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது தெரிந்து, யூஎஸ்டிசி 90 சென்ட்டுக்கும் கீழே போனது. வங்கி வைப்புகளுக்கு அமெரிக்க அரசு உறுதி கொடுத்த பிறகே சில நாட்களில் மீண்டது. அந்த வார இறுதியில் யூஎஸ்டிசி ஜோடிகளில் பிட்காயின் விலை, டாலர் ஜோடிகளில் இருந்ததைவிட உயரமாகத் தெரிந்தது. பிட்காயின் ஏறவில்லை, அளக்கும் கோல் சுருங்கிவிட்டது. அந்த நேரத்தில் திரையைப் பார்த்து லாபம் என்று நினைப்பது எவ்வளவு எளிது, பாருங்கள்.

சட்டமும் ஒரு ஜோடியை இல்லாமல் ஆக்கிவிடும். 2023 பிப்ரவரியில் நியூயார்க் நிதிச் சேவைகள் துறை உத்தரவிட்டதும் பாக்ஸோஸ் நிறுவனம் புதிய பியூஎஸ்டி ஸ்டேபிள்காயின் வெளியிடுவதை நிறுத்தியது; பியூஎஸ்டி ஜோடிகள் படிப்படியாக மறைந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா என்ற கிரிப்டோ சட்டத்தில் ஸ்டேபிள்காயின் பிரிவுகள் 2024 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்தன. 2025 மார்ச் இறுதியில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி வாடிக்கையாளர்களுக்கு டெதர் ஸ்பாட் ஜோடிகளை (காயினையே நேரடியாக வாங்கி விற்கும் ஜோடிகள்) பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் நிறுத்தியது. ஆகவே நீங்கள் வாழும் நாட்டில் எந்த ஸ்டேபிள்காயினுக்கு அனுமதி உண்டு என்பதை எக்ஸ்சேஞ்சின் அறிவிப்புப் பக்கத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

3. அது ஸ்பாட் ஜோடிதானா?

இது சின்ன வேலை, அரை நிமிடம் போதும். ஆனால் விட்டுவிட்டால் பெரிய சேதம். தேடல் பெட்டியில் ஒரே பெயரில் ஸ்பாட் ஜோடியும் பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸும் அடுத்தடுத்து வரும். ஸ்பாட்டில் காயின் உங்களுக்குச் சொந்தமாகும். பெர்பெச்சுவலில் சொந்தமாவது ஒரு ஒப்பந்தம் மட்டுமே. கடன் வாங்கிய பலத்தில் அது ஓடும். பல இடங்களில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஏறும் என்று இருப்பவர்களுக்கும் இறங்கும் என்று இருப்பவர்களுக்கும் இடையில் ஃபண்டிங் தொகை கைமாறும். விலை எதிர்ப்பக்கம் போனால் உங்களைக் கேட்காமலே மூடப்படும். பெயருக்குப் பக்கத்தில் 'பெர்ப்', '10 எக்ஸ்' போன்ற அடையாளம் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

பெயரின் கடைசியில் 3எல், 3எஸ் என்று ஒட்டியிருப்பவை லெவரேஜ் டோக்கன்கள், அதாவது காயினின் ஏற்ற இறக்கத்தைப் பல மடங்காக்கிக் காட்ட உருவாக்கப்பட்டவை. விலை மேலும் கீழும் ஆடினாலே அவற்றின் மதிப்பு தேயும். வாங்கி வைத்துக் காத்திருப்பதற்கு அவை ஆகாது.

டீசென்ட்ரலைஸ்டு எக்ஸ்சேஞ்சில் (நடுவில் நிறுவனம் இல்லாமல் நிரல் வழியே இயங்குவது) வாங்குவதாக இருந்தால் பெயரை நம்பவே கூடாது. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் டோக்கன் உருவாக்கலாம். காயினின் அதிகாரபூர்வ தளத்தில் உள்ள கான்ட்ராக்ட் முகவரியை (அந்த டோக்கனின் தனி அடையாளக் குறியீடு) எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

4. ஆர்டர் புக்கைத் திறந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். ஆர்டர் புக் என்பது வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்.

பெரும்பாலோர் 24 மணி நேர வால்யூமை (கைமாறிய மொத்த அளவை) பார்த்துவிட்டு 'நன்றாக ஓடுகிறது' என்று முடிவு செய்கிறார்கள். அந்த எண்ணைப் பொய்யாக ஊத முடியும். 2019 மார்ச்சில் பிட்வைஸ் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் கொடுத்த ஆய்வில், அப்போது அறிவிக்கப்பட்ட பிட்காயின் வால்யூமில் சுமார் 95 சதவீதம் போலியானது அல்லது பொருளாதாரப் பொருளற்றது என்று சொன்னது. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கலாம்; ஆனாலும் வால்யூமை மட்டும் நம்பி இறங்காமல் இருக்க இது போதுமான காரணம்.

பார்க்க வேண்டியவை ஸ்ப்ரெட்டும் ஆழமும். ஒரு ஜோடியில் வாங்குபவர்கள் தரத் தயாராக இருக்கும் அதிகபட்ச விலை 1.000, விற்பவர்கள் கேட்கும் குறைந்தபட்ச விலை 1.006 என்று வைத்துக்கொள்வோம். இந்த இடைவெளிதான் ஸ்ப்ரெட், இங்கே 0.6 சதவீதம். வாங்கிய அதே நொடியில் விற்றாலும் இந்த 0.6 போய்விடும்.

ஆழம் என்பது அந்த விலையில் எத்தனை காயின் கிடைக்கிறது என்பது. அதே ஜோடியில் 1.006க்கு 200 காயின், 1.012க்கு 300 காயின், 1.025க்கு 600 காயின் விற்பனைக்கு இருக்கின்றன. நீங்கள் 1,000 டாலருக்கு மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கும் ஆர்டர்) போடுகிறீர்கள். முதல் 200 காயினுக்கு 201.20 டாலர், அடுத்த 300க்கு 303.60 டாலர், மீதமுள்ள 495.20 டாலருக்கு 1.025 விலையில் சுமார் 483. மொத்தம் சுமார் 983 காயின். சராசரி விலை 1.017 ஆகிவிட்டது. திரையில் பார்த்தது 1.006தான்! உடனே 1.000க்கு விற்றால், இரு பக்கமும் 0.1 சதவீதக் கட்டணம் சேர்த்து, கையில் வருவது சுமார் 981 டாலர். சந்தை ஒரு அடிகூட நகரவில்லை, 19 டாலர் போய்விட்டது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஸ்ப்ரெட் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நான் போடப்போகும் தொகையைப் போல் குறைந்தது இருபது மடங்கு, நடுவிலையிலிருந்து (வாங்கும், விற்கும் விலைகளின் நடுவே இருப்பது) 2 சதவீதத்துக்குள் ஆர்டர் புக்கின் இரு பக்கமும் இருக்க வேண்டும். இது விதியல்ல, என் கணக்கு. காயின்கெக்கோ, காயின்மார்க்கெட்கேப் தளங்களில் ஒரு காயினின் சந்தைப் பட்டியலைத் திறந்தால் இந்த 2 சதவீத ஆழம் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி நெடுவரிசையில் இருக்கும். இரண்டு பக்கமும் பாருங்கள். வாங்குவதற்கு ஆழம் இருந்து விற்பதற்கு இல்லாத ஜோடிகளும் உண்டு. உள்ளே போகும் வழி அகலம், வெளியே வரும் வழி குறுகல்.

ஆழமில்லாத ஜோடியில், விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்கூட உங்களுக்கு எதிராக வேலை செய்யும். 2021 அக்டோபர் 21 அன்று பைனான்ஸ் யூஎஸ் தளத்தில் பிட்காயின் ஒரு கணம் 65,000 டாலர் அருகிலிருந்து சுமார் 8,200 டாலருக்கு விழுந்து எழுந்தது. ஒரு பெரிய வர்த்தகரின் தானியங்கி நிரலில் இருந்த பிழைதான் காரணம் என்று எக்ஸ்சேஞ்ச் சொன்னது. மற்ற எக்ஸ்சேஞ்சுகளில் அந்த விலையே வரவில்லை. இப்படிப்பட்ட ஒரு கணத்தில் ஸ்டாப் ஆர்டர் தூண்டப்பட்டால் கிடைக்கிற விலைக்கு விற்றுவிடும். ஸ்டாப்போடு ஒரு விலை வரம்பையும் வைக்கும் ஸ்டாப் லிமிட் வகையில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் விலை வரம்பைத் தாண்டி விழுந்துவிட்டால் அது விற்காமலே நின்றுவிடும், அதையும் தெரிந்து பயன்படுத்துங்கள்.

5. போய்வரும் செலவைத் தாளில் எழுதுங்கள்

ஆர்டர் போடும் முன் இவற்றைக் கூட்டுங்கள்: வாங்கும் கட்டணம், விற்கும் கட்டணம், ஸ்ப்ரெட், உங்கள் தொகைக்கான ஸ்லிப்பேஜ் (பார்த்த விலைக்கும் கிடைத்த சராசரி விலைக்கும் உள்ள வித்தியாசம்), கடைசியாகப் பணத்தை வெளியே எடுக்கும் கட்டணம். இந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் விலை ஏறினால்தான் உங்கள் லாபம் தொடங்குகிறது. கூட்டுத்தொகை 1.5 சதவீதம், எதிர்பார்க்கும் ஏற்றம் 2 சதவீதம் என்றால் அந்த ஜோடியில் வேலை இல்லை.

கட்டணப் பட்டியலில் மேக்கர், டேக்கர் என்று இரண்டு இருக்கும். உடனே நிறைவேறும் ஆர்டர் டேக்கர். ஆர்டர் புக்கில் போய்க் காத்திருக்கும் லிமிட் ஆர்டர் (நீங்கள் சொல்லும் விலைக்கோ அதைவிட நல்ல விலைக்கோ மட்டும் நிறைவேறுவது) மேக்கர். பல இடங்களில் மேக்கர் கட்டணம் குறைவு. சில எக்ஸ்சேஞ்சுகள் குறிப்பிட்ட ஜோடிகளுக்குக் கட்டணமே இல்லை என்று சலுகை தரும். சலுகை முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

'கன்வெர்ட்' அல்லது 'உடனடியாக வாங்கு' என்ற பொத்தானில் கட்டணம் பூஜ்யம் என்று போட்டிருந்தாலும் செலவு விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அது காட்டும் விலையை ஸ்பாட் ஜோடியின் விலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

6. நேரடி ஜோடியா, இரண்டு தாவலா?

கையில் ஒரு காயின் இருக்கிறது, வேறொன்று வேண்டும். இரண்டுக்கும் நேரடி ஜோடி இருந்தால் ஒரே கட்டணத்தில் முடிந்துவிடும் என்று அதில் இறங்கத் தோன்றும். கணக்கு எப்போதும் அப்படி வராது. நேரடி ஜோடியின் ஸ்ப்ரெட் 0.8 சதவீதம் என்றால் அதில் பாதி உங்கள் தலையில், அதாவது 0.4, கட்டணம் 0.1, மொத்தம் 0.5. அதையே டெதருக்கு விற்று, டெதரில் மற்றதை வாங்கினால் கட்டணம் 0.2; இரண்டு ஜோடியின் ஸ்ப்ரெட்டும் 0.02 என்றால் இரண்டின் பாதியும் சேர்த்து 0.02, மொத்தம் 0.22. இரண்டு தாவல்தான் மலிவு. பெரிய காயின்களுக்கு இடையில் நேரடி ஜோடியே நன்றாக இருக்கலாம், சின்னக் காயின்களில் பெரும்பாலும் இருக்காது.

வரிப் பக்கமும் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன் உட்பட பல நாடுகளில் ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனையாகவே கருதப்படும். பணம் வங்கிக்கு வரவில்லை என்பதால் கணக்குக் காட்ட வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் நாட்டு விதியை வரி ஆலோசகரிடம் வர்த்தகத்துக்கு முன்பே கேளுங்கள்.

7. ஆவணங்கள்

அரசு நாணய ஜோடிகள் பெரும்பாலும் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடிந்த பிறகே திறக்கும். அரசு அடையாள அட்டை, முகவரிச் சான்று, முகத்தைக் காட்டும் படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதலெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் விரிவாக இன்னொன்றில் என்று இருந்தால் பணம் எடுக்கும்போது நிறுத்திவைப்பார்கள். முகவரிச் சான்று சமீபத்தியதாக இருக்க வேண்டும். பல இடங்களில் மூன்று மாதத்துக்குள் எடுத்ததைக் கேட்பார்கள். தொகை பெரிதானால் வருமானச் சான்றும் கேட்கலாம். இந்தச் சரிபார்ப்பு சில நிமிடங்களிலும் முடியும், பல நாட்களும் இழுக்கும். அவசரமாக வாங்க வேண்டிய நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

அப்புறம், உங்கள் பக்கத்து ஆவணம். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் தேதி, நேரம், ஜோடி, அளவு, விலை, கட்டணம் எந்த நாணயத்தில் எவ்வளவு, அந்த நேரத்தில் உங்கள் நாட்டு நாணயத்தில் மதிப்பு ஆகியவை வேண்டும். காயினுக்குக் காயின் ஜோடிகளில் இந்தக் கடைசி விவரத்தை எக்ஸ்சேஞ்ச் தராமல் போகலாம். அன்றே எழுதாவிட்டால் ஆண்டு முடிவில் தேடி அலைய வேண்டும். வர்த்தக வரலாற்றுக் கோப்பை மாதம் ஒருமுறை பதிவிறக்கி வையுங்கள். நான் பயன்படுத்திய ஒரு எக்ஸ்சேஞ்சில், பழைய பதிவுகளைக் கேட்டபோது குறிப்பிட்ட காலத்துக்கு முந்தையவற்றைத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருந்துதான் வாங்க முடிந்தது.

8. நேரம்

கிரிப்டோ சந்தைக்கு விடுமுறை இல்லை, ஆனால் வங்கிகளுக்கு உண்டு. அரசு நாணயத்தை அனுப்பி வாங்குவதாக இருந்தால் வார இறுதியும் விடுமுறை நாட்களும் இடையில் வருமா என்று பாருங்கள். ஆர்டர் புக்கும் எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்காது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் மணிகளில் பொதுவாக ஆழம் அதிகம். வார இறுதியில் மெலியும். சின்ன ஜோடிகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மூன்று வெவ்வேறு நேரங்களில் ஸ்ப்ரெட்டைக் குறித்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து காயினை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அதற்கும் நேரம் ஆகும். பிட்காயினில் ஒரு பிளாக்குக்கு (ஒன்றாகப் பதிவாகும் பரிமாற்றங்களின் தொகுப்பு) சராசரியாக 10 நிமிடம். எக்ஸ்சேஞ்ச் கேட்கும் உறுதிப்படுத்தல்களின் (பரிமாற்றம் பதிவான பிளாக்கும் அதற்குப் பின் வருபவையும்) எண்ணிக்கையைப் பொறுத்துக் காத்திருக்க வேண்டும். டெதரை அனுப்பும்போது நெட்வொர்க்கைக் கவனியுங்கள். டிரான் வழியா, எத்தீரியம் வழியா, வேறு வழியா என்பது அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். தவறினால் பணம் திரும்பக் கிடைக்காமலே போகலாம்.

9. சின்னத் தொகையில் ஒரு முழுச் சுற்று

தேர்ந்தெடுத்த ஜோடியில் குறைந்தபட்ச ஆர்டர் தொகையைவிடக் கொஞ்சம் அதிகமாக வாங்குங்கள். மிகச்சரியாகக் குறைந்தபட்சத்துக்கே வாங்கினால், கட்டணம் கழிந்து விலையும் சற்று இறங்கினால் விற்க முடியாமல் தூசியாக நின்றுவிடும். மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், லிமிட் ஆர்டர் போடுங்கள். பிறகு விற்று, பணத்தை வங்கிக்கோ வாலெட்டுக்கோ எடுத்து, 5ஆம் படியில் எழுதிய செலவோடு ஒப்பிடுங்கள். எழுதியதற்கும் நடந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அது எங்கே வந்தது என்று தெரியும்வரை தொகையைக் கூட்ட வேண்டாம். பணம் எடுக்கும் படியைத் தவிர்க்காதீர்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படுகிறது.

10. வாங்கிய பிறகும் ஜோடியைக் கவனியுங்கள்

எக்ஸ்சேஞ்சுகள் ஓட்டம் குறைந்த ஜோடிகளை அவ்வப்போது நீக்கும். 2024 பிப்ரவரியில் பைனான்ஸ் மொனேரோ காயினை நீக்கியது போல, முழுக் காயினையே எடுத்துவிடுவதும் உண்டு. அறிவிப்புக்கும் வர்த்தகம் நிற்பதற்கும் இடையில் பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோதான் இருக்கும். அந்த அறிவிப்பு வந்ததுமே ஆழம் மறையத் தொடங்கும். நீங்கள் போட்டு வைத்த திறந்த ஆர்டர்களும் நீக்கும் நாளில் ரத்தாகும். மின்னஞ்சலில் வரும் எக்ஸ்சேஞ்ச் அறிவிப்புகளை விளம்பரங்களோடு சேர்த்து அணைத்துவிடாதீர்கள். ஜோடி மட்டும் நீக்கப்படுகிறது என்றால் காயின் உங்கள் கணக்கிலேயே இருக்கும், அதே காயினின் வேறு ஜோடியில் விற்கலாம். காயினே நீக்கப்படுகிறது என்றால் பணம் எடுப்பதற்கான கடைசித் தேதி தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தத் தேதிக்கு முன் சொந்த வாலெட்டுக்கு மாற்றிவிடுங்கள்.